புலிக்குத் தொண்ணூற்றொன்று

மார்ச் 3, திங்கள்

குடும்ப வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய முடிவு ஒன்று இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எடுக்கப்பட்டது. அண்ணன் புலியாக இருப்பார். ஆந்தை, யானை, டால்பின் ஆகியவை முறைப்படி பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டன. புலி போய்விட்டதால் நான் முயல்.

மூளைப் பயிற்சி ஆப்பில் நம் முகத்துக்குப் பதிலாக வைக்கும் படம் அது. அண்ணனுக்கு மறதியின் ஆரம்பக் கட்டம் என்று போன வாரம் நரம்பு டாக்டர் சொன்னார். இப்போதே கவனித்தால் அதன் வேகத்தைக் குறைக்கலாமாம். ஏழு காரியங்கள் சொன்னார்: நேரத்துக்குப் பிரஷர் மாத்திரை, காதுக்கு மெஷின், நடை, தூக்கம், சர்க்கரையில் கட்டுப்பாடு, நாலு பேரோடு பேச்சு, மூளைக்கு வேலை. முதல் ஆறுக்கும் உடம்பு வணங்க வேண்டும். ஏழாவது போனில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழாவதை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

ஞாயிறுதோறும் வாரத் தேர்வு. மார்க் வெளியூரில் இருக்கும் அண்ணன் மகளின் போனுக்கும் போகும். அவளுடைய சட்டம்: “ரெண்டு வாரம் அம்பதுக்குக் கீழ போச்சுன்னா அப்பா மில்லுல ரம்பத்தைத் தொடக் கூடாது சித்தப்பா. சுவிட்ச் சாவி என்கிட்ட வந்துடணும்.”

ஆப் மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் யாருக்கும் நினைவில்லை. மறதி அண்ணனுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் தேர்வு. ஐந்து வார்த்தைகளை ஒரு பெண் குரல் சொல்கிறது. வேறு ஏதேதோ கேட்டுக் குழப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அந்த ஐந்தையும் திரும்பக் கேட்கிறது. காவல் நிலையத்திலும் இப்படித்தான் செய்வார்கள். அங்கே அடியாவது உண்டு, முடிந்தது என்று தெரியும்.

முயல் 83. புலி 44.

“புலி பசியா இருக்கு போல” என்றாள் அண்ணி. அண்ணன் டம்ளரை வீசினார். அண்ணியைக் குறிவைத்து, என் புருவத்தில். மூன்று தையல். ஆப் எங்கள் இருவருக்கும் “அருமையான முயற்சி!” என்று சொன்னது.

மார்ச் 11, செவ்வாய்

போனைச் சுவரில் அடித்தார். சுவருக்குச் சேதம்.

மார்ச் 14, வெள்ளி

நாற்பது வருடமாக இந்த அறுவை மில்லில் அண்ணன் ரம்பத்துக்குள் மரத்தைத் தள்ளுவார், நான் அந்தப் பக்கம் நின்று வாங்குவேன். அதே ரம்பத்தின் பக்கத்தில்தான் இன்று உருண்டோம்.

காது மெஷின் பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. வார்த்தையே காதில் விழாதபோது எங்கிருந்து நினைவில் வைப்பது? “மாட்டிக்கிட்டுத் தேர்வு எழுதுங்கண்ணே” என்றேன்.

“நான் செவிடாடா?” ரீப்பர் கட்டையால் தோளில் ஒன்று. நான் முழங்காலில் உதைத்தேன். அறுபத்தொன்பதும் அறுபத்தைந்தும் மரத்தூளில் புரண்டன. கடித்தது யார் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கதவு நிலைக்கு ஆர்டர் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றார். சற்று நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, “நிலை எப்ப ரெடியாகும்?” என்று கேட்டார்.

“வியாழக்கிழமை” என்று தரையிலிருந்து இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

அவர் போன பிறகும் அண்ணனின் முழங்கால் என் நெஞ்சில். கை கழுத்தில். “அந்தச் சாவிய மட்டும் குடுத்துடாதடா. அது போச்சுன்னா நான் காலைல எதுக்குடா எந்திரிக்கணும்? சொல்லுடா.”

நெரித்தபடியே கேட்டார். கெஞ்சுவதற்கு வேறு முறை அவருக்குத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் குளிக்கும்போது அவர் போனை எடுத்துத் தேர்வை நான் எழுதினேன்.

ஐம்பத்தைந்து வாங்குவதாகத் திட்டம். ஆனால் விடை கண்ணெதிரே நிற்கும்போது தப்பை எப்படித் தொடுவது? அடுத்தவன் பேரில் என்றாலும் எனக்கு வரவில்லை. புலி 91.

பிறகு களைப்பில் முயல் 78.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் மகள் போனில் அழுதாள். “அப்பா, தொண்ணூத்தொண்ணா!” இந்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டாம் என்றாகிவிட்டது.

“பாத்தியாடா, நான் போட்டது” என்றார் அண்ணன். கண்ணடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

புலி 92.

அண்ணன் காலையில் அண்ணியைத் திருடி என்று நினைத்துக் கையை முறுக்கினார். கரண்டியால் அவர் மண்டையில் போட்டு விடுவித்துக்கொண்டாள். பிறகு வீங்கிய மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “ஏன் தம்பி, பாத்ரூம்ல இருக்கிற மனுஷன் எப்படி மார்க் வாங்குறாரு?”

“அந்த ஆப் அப்படி, அண்ணி.”

“அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க.”

சொல்லிவிடலாமா? சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் — அடுத்த வாரம் சொல்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

புலி 94.

ஏப்ரல் 4, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். சுருக்கமாக.

செவ்வாய்க்கிழமை. ரம்பத்தில் கட்டை சிக்கியது. அப்படிச் சிக்கினால் அண்ணன் மெஷினை நிறுத்திச் சாவியை உருவிப் பல்லில் கடித்துக்கொள்வார். சாவி அவர் பல்லில் இருக்கும்வரை என் கை உள்ளே இருக்கலாம். நாற்பது வருடப் பழக்கம். அன்றும் கடித்துக்கொண்டார். நான் கையை விட்டுக் கட்டையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் சாவியை வாயிலிருந்து எடுத்தார். பார்த்தார்.

“மெஷின் ஏன்டா நிக்குது?” என்றார்.

கத்தினேன். காதில் விழவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினார்.

மூன்று விரல். சுவரெல்லாம், அவர் முகமெல்லாம். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடியதும் அவர்தான் — டேய் டேய் டேய் என்று அலறிக்கொண்டே.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் மகள் நேற்று ராத்திரி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். “ஏன் சித்தப்பா?” என்று மட்டும் கேட்டாள். சாவியை எடுத்துக்கொண்டாள். காது மெஷின் பெட்டியைப் பிரித்து அவளே அவருக்கு மாட்டிவிட்டாள். இப்போது நன்றாகக் கேட்கிறது.

காலையில் அண்ணன் என் கைக்கட்டைப் பார்த்தார். “கைக்கு என்னடா ஆச்சு?”

“ரம்பத்துல பட்டுடுச்சுண்ணே.”

“கை உள்ள இருக்கும்போது எவன்டா சுவிட்சப் போட்டான்?”

“யாரும் போடல. நான்தான் கவனிக்கல.”

“அறிவில்ல உனக்கு? நாப்பது வருசமா சொல்றேனேடா!” கன்னத்தில் ஓங்கி அடித்தார்.

மத்தியானம் மறுபடி கேட்டார். சொன்னேன். மறுபடி அடித்தார்.