பொட்டு வச்ச சர்வர்

ஆயுத பூஜை, புதன்கிழமை

மூலையில கிடந்த பழைய கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டி, வீட்டு போட்டோ எல்லாம் சேர்த்து வைக்கிற சர்வரா மாத்தினேன். எப்பவும் ஓடணும், ஆஃப் பண்ணாதீங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட படிச்சு படிச்சு சொன்னேன்.

காலையில சுண்டல் தாளிச்சுட்டு வந்து பார்த்தா, ஓடிக்கிட்டு இருந்ததை வயரைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வச்சு, பூ போட்டு வச்சிருக்காரு. அப்புறம் ஆன் பண்ணா டிஸ்க் திறக்கவே இல்ல. அதுல பத்திரமா இருக்குன்னு நம்பி, அம்மா போட்டோங்களை நேத்துதான் போன்ல அழிச்சேன். அம்மாவும் இல்ல, இப்ப போட்டோவும் இல்ல.

கேட்டா, "இன்னைக்கு மெஷினுக்கு வேலை குடுக்கக் கூடாது. அதுவும் பாவம், ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்"னாரு. அதே மூச்சுல, "வடை ஆச்சா? கீழ்பென்னாத்தூர் அக்கா வந்துட்டாங்க"ன்னாரு.

என் நெத்தியிலயும் தினம் குங்குமம்தான் இருக்கு.