இடப்பக்கம் இழுத்த வண்டி

செவ்வாய், இரவு.

"ஏங்க, நேர் ரோட்டுல எதுக்கு ஸ்டீயரிங்க வலது பக்கமாவே திருப்பிப் பிடிக்கிறீங்க?" என்று என் மனைவி ஸ்டெல்லா போன மாதம் கேட்டாள். பழகிவிட்டது என்றேன்.

இன்று டயாலிசிஸுக்கு அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். உப்பளத்துப் பக்கம் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டதும் வண்டி இடப்பக்கம் பாய்ந்து, வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எனக்குப் பயம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மெதுவாக ஓட்டிப் போய்க் கூனிமேட்டு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். பஸ்ஸில் ஆஸ்பத்திரி போய் மாலையில் மெக்கானிக் கடைக்குத் திரும்பினோம்.

"இன்னா சார், வெளிய பாத்தா டயர் புதுசாட்டம் இருக்குது, உள்பக்கம் கம்பியே தெரியுது! துருப்பிடிச்சு, கீழ சக்கரத்தத் தாங்குற ரப்பர் புஷ்ஷும் தளந்துடுச்சு. ரொம்ப நாளா இழுத்திருக்கும், நீங்களே சமாளிச்சு ஓட்டிக்கினு இருந்திருக்கீங்க. எல்லாம் மாத்தி அலைன்மென்ட் பண்ணிட்டேன்" என்றார்.

என் வகுப்பில் கண் மங்கிய பிள்ளையும் அப்படித்தான். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தே ஆண்டு முழுவதும் எழுதிவிடும். அந்தப் பிள்ளைகளையெல்லாம் கண்டுபிடித்தவன் நான்; என்னைக் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அவளை அழைத்துப் போக வேண்டும். அதற்குள் ஒருநாள் காலையில் தனியாக, ஆளில்லாத நேர்ச்சாலையில் மெதுவாகப் போய், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையைக் கொஞ்சம் தளர்த்தி, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார், வாத்தியாரே.