மண்ணீரலுக்குப் போகும் ரத்தம்

அண்ணே,

இன்று காலை ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, உன் பிரேதப் பரிசோதனை முடிந்து போடி டாக்டர் எனக்குப் பென்சிலால் வரைந்து காட்டிய தாள் கையில் சிக்கியது. முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அதிலிருந்து குட்டையாக ஒரு தண்டு. அது மூன்றாகப் பிரிந்து இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. மண்ணீரலுக்குப் போவது மட்டும் போடிமெட்டு ரோடு மாதிரி வளைந்து வளைந்து.

"மலேரியாவுல மண்ணீரல் வீங்கியிருந்திருக்கும்மா. உதை விழுந்ததும் கிழிஞ்சிருச்சு. அந்தக் குழாய் கொண்டுவந்த ரத்தமெல்லாம் வயித்துக்குள்ளயே கொட்டிருச்சு," என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. மலைமேல் ஏலத்தோட்டத்தில், குளிர்காய்ச்சலோடு ஏலக்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்தாய். வேலை வாங்கும் கங்காணி வந்து இடது விலாவுக்குக் கீழே உதைத்தான். பத்தடி தள்ளி நான் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து, "ஒண்ணுமில்ல தாயி, சோலியப் பாரு," என்றாய். மதியத்துக்குள் முகம் வெளுத்துவிட்டது. ஜீப்பு மலையிறங்கி அடிவாரத்து முந்தல் வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போனாய்.

சரிவில் வழுக்கி விழுந்தாய் என்றான் கங்காணி. டாக்டர் கோர்ட்டில் உண்மையைத்தான் சொன்னார். வீங்கிய மண்ணீரல் இருமினால்கூடக் கிழியும் என்றார் அவன் வக்கீல். கூடப்பிறந்தவள் சாட்சி எடுபடவில்லை. அவனை விட்டுவிட்டார்கள். என் முன்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போனான்.

நான் விடவில்லை. எட்டொன்பது வருஷம் கழித்து, கங்காணி தன் மகளுக்குச் சிலமலை ஊரில் மாப்பிள்ளை பார்த்தான். அங்கே போய், நீ செத்த கதையை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சம்பந்தம் முறிந்தது. அடுத்து தேவாரத்தில் பேசினார்கள். அங்கேயும் போனேன். பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. கங்காணி டீக்கடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒருநாள் அந்தப் பெண்ணே என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா ஒதைச்சது நெசந்தான்க்கா. வீட்டுல அவரே சொன்னாரு. அப்ப எனக்குப் பத்து வயசு. நான் என்னக்கா செஞ்சேன்?"

"எங்கண்ணன் என்ன செஞ்சான்?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

போன வருஷம் கங்காணி செத்தான். நான் துக்கத்துக்குப் போகவில்லை. அவனை இன்னும் மன்னிக்கவில்லை, அண்ணே, மன்னிக்கவும் மாட்டேன். அவள் கல்யாணமாகாமலே நரைத்துவிட்டாள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறாள். பஸ்சில் என்னைக் கண்டால் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விடுகிறாள்.

நான் நின்றுகொண்டே வருகிறேன்.