விடியுமுன் கிள்ளிய இலை

விரல் நுனியில் அயோடின் கறை. சோப்பு போட்டாயிற்று, சீயக்காய் வைத்துத் தேய்த்தாயிற்று, போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் அந்த மருந்து வாடைதான் மூக்கில் ஏறுகிறது. இன்று காலை உன் நாற்றங்காலில் நின்றபோது பட்ட கறை இது. நீ உயிரோடு இருந்தவரைக்கும் "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்றுதான் உன்னிடம் பேசினேன். இன்றிலிருந்து நீ, உன், உனக்கு. அவ்வளவுதான் உனக்கு மரியாதை.

போன மாதம் நீ செத்தபோது நான் அழுத அழுகை ஊருக்கே தெரியும். கூடப் பிறந்தவள்கூட அப்படி அழவில்லை என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வயல்காரன், ஒரே வரப்பில் நடந்தவன், கேட்டபோது நாற்று கொடுத்தவன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். நாற்று கொடுத்தவனாம். என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு சம்பா. ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இல்லாமலா போகும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொந்தப் பொறுப்பில் நெல் விதைத்தது கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டோம், களை எடுத்தோம், அறுத்தோம், வந்தோம். என் வீட்டுக்காரர் ஆரணியில் ஒரு முதலாளியின் பட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் பிடிவாதமாய் உன் வயலை ஒட்டி ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். நிலத்துக்காரர் டவுனில் இருந்தார். முதல் போகம் எடுத்துக் காட்டு, சரியாக வந்தால் நீயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். என் உயிரே அந்த ஒரு போகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம்தான் விவசாய ஆபீசர் ஒருவர் வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கூடத்தில் பயிற்சி கொடுத்தார். துங்ரோ என்று நெல்லுக்கு ஒரு நோய். பச்சைத் தத்துப்பூச்சி ஒரு பயிரில் சாறு குடித்துவிட்டு அடுத்த பயிருக்குத் தாவும்போது அந்த வைரஸையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நாற்றில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நட்டபிறகுதான் நுனியிலிருந்து மஞ்சளடித்து, ஆரஞ்சு நிறமாகி, பயிர் வளராமல் குட்டையாய் நின்றுவிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் கேட்காது. நாற்றிலேயே கண்டுபிடித்தால்தான் உண்டு. அதற்கு ஒரு வழி இருந்தது. பொழுது விடியுமுன் இலை நுனியைக் கிள்ளி அயோடின் தண்ணீரில் வைத்தால், நோய் வந்த இலை கறுத்துப்போகும்.

பயிற்சிக்குப் பெண்களும் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு டீ கொடுக்கவிட்டார்கள். விடியுமுன் கிள்ள வேண்டும் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. ஏன் விடியுமுன் என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். ஆபீசர் பதில் சொன்னபோது நான் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கையில் ஒரு அயோடின் பாட்டிலைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்டில் என்னிடமே தங்கிவிட்டது.

பதினைந்து நாள் கழித்து அடித்த மழையில் என் நாற்றங்கால் முழுகி அழுகிப்போயிற்று. ஏரி மதகு திறக்கப்போகிற நேரம், மறுபடி விதைக்க அவகாசமில்லை. நம் பக்கத்தில் மிஞ்சிய நாற்றை யாரும் விற்பதில்லை, கேட்டவருக்கு இல்லை என்பதும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் உன் நாற்றங்காலைப் பார்க்க வந்தேன். காலை வைத்ததும் பூச்சி பச்சைப் பச்சையாய்த் தெறித்தது. மனசு கேட்கவில்லை. மறுநாள் இருட்டோடு வந்து பத்து இலை கிள்ளி, பாட்டில் மருந்தில் வைத்தேன். ஆறு இலை கறுத்தது. என் குத்தகை வயல் வரப்பில் தானாய் முளைத்து நின்ற நல்ல நெல் தூர் ஒன்றிலும் கிள்ளி வைத்தேன், அது கறுக்கவில்லை.

அப்போது நான் ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. நல்ல நாற்றுக்குப் பேர்போன மனுஷன், அவமானப்படுத்தக்கூடாது என்று உன்னிடம் மட்டும் வந்து மெல்லச் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத தங்கச்சி. பாட்டில குடு, நானே ஒரு தபா பாக்கறேன்" என்றாய்.

கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து உச்சிவெயிலில், பம்ப்செட் பக்கம் ஏழெட்டு பேரை நிற்கவைத்து என்னைக் கூப்பிட்டாய். உன் நாற்றில் ஒரு இலை, எதிர்வயல்காரர் நாற்றில் ஒரு இலை, வரப்பில் முளைத்த புல்லில் ஒரு தாள். மூன்றையும் டம்ளரில் வைத்தாய். மூன்றும் கறுத்தன. "இன்னாம்மா, வரப்புப் புல்லுக்கும் சீக்கா?" என்று நீ கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். டீ கொடுக்கப் போனவள் டாக்டராகி வந்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னதற்கு நீ அதிகமாகவே சிரித்தாய். என் கண்ணால் பார்த்ததை நானே நம்பாமல் போனேன். அந்த வெட்கத்தில் தலை குனிந்து நின்றவளிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, மனசில் வைத்துக்கொள்ளாதே, உனக்கு எவ்வளவு நாற்று வேண்டுமோ பறித்துக்கொள் என்றாய். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் போனேன். நாற்றுக் கட்டுகளை முடி முடியாய்த் தலையில் சுமந்தேன்.

நட்ட மூன்றாம் வாரம் நுனி மஞ்சளடித்தது. ஜிங்க் சத்துக் குறைவு என்றாய், வாங்கிப் போட்டேன். யூரியா போடு என்றாய், போட்டேன். பயிர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. வந்த கதிரும் பதராய் நின்றது. உன் வயலும்தான் போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த போகத்துக்கு உன் நிலம் உன்னிடமே இருந்தது. என்னுடையது போய்விட்டது. நிலத்துக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் வேறொருவர் அதில் ஏர் ஓட்டினார்.

எட்டு வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றினேன். வெயிலும் சேறும் இல்லாத வேலை, கொடுத்துவைத்தவள் என்பார்கள். எனக்கோ அந்த இருட்டு அறையில் மூச்சு முட்டும். அப்புறம்தான் ஏரிக்கு அந்தப்பக்கம் அரை ஏக்கர் குத்தகை கிடைத்தது. அங்கே வந்த வேறொரு ஆபீசரிடம், இந்தமுறை டம்ளரைத் தொடாமல், முன்னால் போய் உட்கார்ந்து கேட்டேன். இலை பகலில் வெயிலை வாங்கி மாவு சேர்க்குமாம். ராத்திரி அதையெல்லாம் கீழே அனுப்பிவிடுமாம். நோய் வந்த இலையால் அனுப்ப முடியாது, விடிகிறபோதும் மாவு அதிலேயே தேங்கி நிற்கும், அதனால் கறுக்கும். பகலில் கிள்ளினால் நல்ல இலையும் கறுக்கத்தான் செய்யும்.

அன்றைக்கே உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். பாருங்கண்ணா, நாம ரெண்டு பேரும் தெரியாம மோசம் போயிட்டோம் என்றேன். "அப்படியாம்மா" என்று கேட்டுக்கொண்டாய். மோர் கொடுக்கச் சொன்னாய். பாவி.

இன்று காலை அண்ணி, உன் மனைவி, கூப்பிட்டு அனுப்பியதால்தான் வந்தேன். நீ போனபின் அவர்தான் வயலைப் பார்க்கிறார். நாற்றைப் பார்த்துச் சொல்லும்மா என்றார். இருட்டோடு போய்க் கிள்ளினோம். டம்ளரில் இலை கறுத்துவருவதைப் பார்த்த அண்ணி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இதே மாதிரிதாம்மா அன்னிக்கும் கறுத்துச்சு. உன் பாட்டில வாங்கிகினு வந்து, இருட்டோட வீட்டாண்டயே வெச்சு பாத்தாரு. காலைல ஏன் பாக்கணும்னு ஆபீசரு சொன்னத என்கிட்ட வெவரமா சொன்னாரு. கேள்வி கேட்டதே அவருதானாம். அப்புறந்தான் மத்தியானம் எல்லாரையும் கூப்ட்டாரு."

ஏன் என்று கேட்டேன். நாற்றங்காலை உழுதுவிட்டால் ஊர் சிரிக்கும் என்றாயாம். அப்புறம் எனக்கு ஏன் அந்த நாற்றைக் கொடுத்தார் என்று கேட்டேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்றாயாம். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் பேர் கெடக்கூடாது என்று என் தலையில் நோயை ஏற்றி அனுப்பியிருக்கிறாய். கும்பிட்டு வாங்கிப் போனேனே, அப்போதாவது உனக்கு உறைக்கவில்லையா?

ஒன்று சொல்கிறேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். டம்ளரைப் பார்த்தது நாங்கள் இருவர்தான், நான் எதைச் சொன்னாலும் அண்ணி நம்புவார். பனியில் கறுத்திருக்கும், கை தவறி மருந்து அதிகமாகிவிட்டது, ஒன்றுமில்லை நடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். உன் வயல் முழுக்க ஆரஞ்சு நிறமாய் நிற்பதைக் கண்குளிரப் பார்த்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது.

எதிர்வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். "உங்க நாத்தங்கால்ல நோய் இருக்குது அண்ணி. ஜல்தியா உழுதுடுங்க."

பொழுது உச்சிக்கு வருமுன் உழுதாயிற்று. ஊர் சிரிக்கவில்லை. நாலு பேர் தங்கள் நாற்றையும் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள், அவ்வளவுதான். இதற்குத்தான் நீ அவ்வளவு பயந்தாய்.

கிளம்பும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் நாற்று கேட்டார். நாளைக்கு இருட்டோடு வாருங்கள், உங்கள் கண்ணெதிரே என் நாற்றைக் கிள்ளிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுப் பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று நீ திருப்பிக் கொடுத்த அதே பாட்டில்தான் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. மருந்து எத்தனையோ முறை மாற்றியாயிற்று.

நாளை போகிற நாற்று அண்ணிக்கு. உனக்கில்லை. உன் பிணத்தின்மேல் விழுந்து நான் அழுத அழுகை இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடு.