திராட்சைப் பேருக்கு வந்த ஆள்

செவ்வாய் இரவு.

கம்பம் திராட்சைங்கிற பேர்ல ஒரு டாட் இன் இணைய முகவரியை நான் வாங்கிப் போட்டப்ப, "மருமக காத்துல மனை வாங்கிருக்கா"ன்னு மாமனார் மண்டி முழுக்கச் சொல்லிச் சிரிச்சாக. இன்னைக்கு அதை விலைக்குக் கேட்டு கொச்சிக் கம்பெனிக்காரர் ஒருத்தர் மண்டிக்கே வந்துட்டார். விரல் பிடிச்சு விலை பேச, மாமா பழைய பழக்கத்துல துண்டுக்கடியில கையை நீட்டினாக. அவர் கைகுலுக்கிட்டார்!

மாமா கையை உருவிக்கிட்டு, "விக்கிறதில்ல தம்பி. குத்தகைக்கு வேணும்னா எங்க மருமகளைக் கேளுங்க"ன்னாக. மண்டியில நாலு பேருக்கு முன்னால என்னைக் கேக்கச் சொன்னது இதான் முதல் தடவை. குத்தகைக்கே பேசி முடிச்சேன்.

சாப்பிடும்போது மெதுவாக் கேட்டாக: "ஆத்தா, போடி ஏலக்காய்ங்கிற பேரு சும்மாவா கெடக்கு?"

கெடந்துச்சு மாமா. இப்ப நம்ம பேர்ல இருக்கு.