புயல் தளம் திறவாமை குறித்துக் கார்முத்துத் தீவுக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. அலைவாய் நாட்டை ஆளும் பேரரசி நங்கைமாதேவியாரின் ஆணையால், அமைச்சர் அருவந்தை, கார்முத்துத் தீவின் காவலர் சேந்தன்மாறனாரின் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் குடிகள் பசியறியாது வாழ்க.

தங்கள் தீவு நடத்தும் புயலறிவிப்பு வலைத்தளத்தைப் பார்த்தே எம் மீனவர் கடலேறுவர். இத்திங்களின் தொடக்கத்தில் அத்தளம் எமக்குத் திறவாது போயிற்று. எந்தக் கணினியில் கேட்டாலும், அனுமதியில்லை என்னும் ஒரே மறுமொழி தங்கள் தீவின் முத்திரையோடு வந்தது. எம் படகுகள் மணலிலேயே கிடந்தன. கடற்படைத் தலைவர் ஓரியார் வெகுண்டு, தீவுக்குச் செல்லும் அரிசிக் கலங்களை நிறுத்த வேண்டினார். பேரரசியாரும் ஆணை எழுதுவித்தார்.

முத்திரை வைக்குமுன், வலையதிகாரி கொற்றவி ஒரு பகற்பொழுது தவணை கேட்டார். முகத்தில் கதவை அறைந்துவிட்டார்கள், இவரோ கீல் துருவேறியதா என்று பார்க்கப் போகிறார் என ஓரியார் நகைத்தார். அது யார் வீட்டுக் கதவு என்று பார்த்துவிட்டு வருவதாகக் கொற்றவி மறுமொழி கூறினார்.

எம் நாட்டார் கணினியில் கேட்பவை யாவும் ப்ராக்ஸி எனப்படும் இடைச்சேவையகத்தின் வழியே வெளிச்செல்ல வேண்டும் என்பது எம் சட்டம். ஒருவர் பெற்ற பக்கத்தைப் படியெடுத்து வைத்து, அடுத்தவருக்கு விரைந்து தருவது அதன் பணி. கொற்றவி முதலில் அதன்மேலேயே ஐயங்கொண்டார். பின்னர்ப் பேரரசியாரின் இசைவோடு, ஒரேயொரு கணினியை மட்டும் அதைத் தவிர்த்து நேரே வெளிச்செல்லவிட்டார். தங்கள் தளம் உடனே திறந்தது. அருகிருந்த கணினியிலோ பழைய மறுப்பே வந்தது.

திறந்த பக்கத்தில், தளத்தைச் செப்பனிட இத்திங்களின் தொடக்கத்தில் ஒரு மாலை மூடியிருந்ததாக அறிவிப்பு இருந்தது. அம்மாலை வந்த மறுப்பையும் எம் சேவையகம் பக்கமென்றே படியெடுத்து, நாள்தோறும் எமக்கே திருப்பித் தந்திருக்கிறது. தாங்கள் எம்மை மறுக்கவேயில்லை.

இதை அவையில் உரைத்தபோது கொற்றவி ஒருமுறையும் ஓரியாரின் பக்கம் திரும்பவில்லை. வென்றவரிடம் அத்தகைய அடக்கத்தை யாம் கண்டதில்லை. ஓரியார் தாமே எழுந்து, எழுதிய ஆணையைக் கேட்டு வாங்கித் தம் கையால் முறித்தார்.

எம் சேவையகம் இனி எந்த மறுப்பையும் ஒரு நாழிகைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது ஆணை. ஒரு சொல்லும் விசாரியாமல் தங்கள் குடிகளைப் பட்டினியிட இருந்தோம் என்பதை மறையாது எழுதுமாறும் பேரரசியார் பணித்தார். அவர்தம் சங்கு முத்திரை இதன்மேல் பதிந்தது.

அரிசிக் கலங்கள் இன்று புறப்பட்டன. முதற்கலத்தில் ஓரியாரே வருகிறார். அவர் பேசிப் பழகாத ஒன்றைத் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சற்றுப் பொறுத்துக் கேட்டருள்க.