ஓடம் தாழ்ந்தது குறித்துத் தென்துறையிலிருந்து எழுதிய ஓலை

நலம் பெருகுக. மழை தவறாது பெய்க. ஆழ்துறை நாடாளும் வேந்தர் நெடுந்தேர் ஆழியரின் குடைநிழல் நீள்க. தலைநகராம் மாடப்பொழிலின் அரண்மனை முற்றத்தில் விடியல்தோறும் வீரர் புகழ் பாடும் பாடினியர்க்குத் தலைவியாகிய தேமொழி அம்மையாருக்கு, மன்னரின் முத்திரை மோதிரத்தைத் தாங்கித் தென்துறைக்கு வந்திருக்கும் ஓலை அமைச்சன் சேந்தன் வணங்கி எழுதுவது.

இவ்வோலையை உரக்க வாசிக்க வேண்டாம். கண்ணால் மட்டும் படிக்கவும். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதுகிறேன்.

வடக்கே பகைவர் படை திரள்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒற்றை ஆளாய்க் கணவாயை மறித்து எழுநூறு பேரை வீழ்த்திய வீரரை அழைத்து வர மன்னர் என்னை அனுப்பினார். தங்கள் அவை நாள்தோறும் பாடுவது அவர் புகழையே. அவரோ வாளை ஆற்றில் எறிந்துவிட்டு இத்துறையில் ஓடம் செலுத்துகிறார். ஓடக்காரரே என்றால் திரும்பிப் பார்ப்பார். வேறு பெயருக்குத் திரும்புவதில்லை.

நான் வந்தது உச்சிப்பொழுது. ஓடத்தில் அவரும் நானும் உப்பு விற்கும் நாகத்தியும் மட்டுமே இருந்தோம். வெற்று ஓடமென்றால் நீருக்கு மேல் நான்கு பலகை தெரியும். அன்று இரண்டே தெரிந்தன. ஓட்டை இருக்குமோ என்று அடியைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. நான் நடுவில் உட்காரப் போனபோது நாகத்தி சொன்னதை அவள் வாய்மொழியிலேயே தருகிறேன்: “அங்கிட்டு ஒதுங்கி உக்காருங்க சாமி, நடுவுல அவுக இருக்காக. அரமனை ஆளுன்னா அடுத்தவுக மடியிலயா உக்காருவீக?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் தன் உப்புக் கூடையை அவள் அந்த வெற்றிடத்தில் இறக்கி வைக்கவில்லை.

அக்கரையில் நாகத்தி இறங்கியபின், ஓடக்காரர் காற்றில் கைநீட்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஓடம் சற்றே உயர்ந்தது. நான்கு பலகையும் தெரிந்தபோது கையைத் தாழ்த்தினார். நான் வினவியதற்கு, கணவாயில் வீழ்ந்தவர்களைக் கரை சேர்ப்பதாகவும், ஒரு பகலில் நூறு பேருக்கு மேல் இயலவில்லை என்றும், இறங்கியவர்கள் திரும்பிப் பாராமல் தம் ஊர்நோக்கி நடப்பார்கள் என்றும், விடிந்தால் எல்லோரும் மறுபடி இக்கரையில் நிற்கிறார்கள் என்றும், இருபது ஆண்டுகளாக ஏனென்று தெரியவில்லை என்றும் கூறினார்.

அங்கேதான் நான் பிழை செய்தேன். மன்னரின் அழைப்பைப் படிக்குமுன் பெறுபவரின் பட்டங்களை நின்று உரக்கச் சொல்வது நம் மரபு. வெற்று ஓடத்தில் நின்று தொடங்கினேன். அவர் கையுயர்த்தி வேண்டாமென்றார். மரபை இடையில் விடலாகாது என்று தொடர்ந்தேன். முதல் பட்டத்தில் ஒரு பலகை நீருள் போயிற்று. கணவாயைச் சொன்னபோது இன்னும் இரண்டு. நண்பகல் வெயிலில் என் பிடரியின்மேல் பலருடைய மூச்சு குளிர்ந்து பட்டது. கரையிலிருந்து நாகத்தி, “வாய மூடுங்க சாமி, ஓடம் முங்குது!” என்று அலறினாள். நிறுத்தினேன். நீர் கடைசிப் பலகைக்குச் சற்றுக் கீழே நின்றது.

ஓடக்காரர் சினக்கவில்லை. விடியலிலும் யாரேனும் இதைச் சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டார். அரண்மனையில் பாடுகிறார்கள் என்றேன். அவர் துடுப்பை மடியில் கிடத்தினார். பிறகு, காலையிலிருந்து இறக்கியவர்களை மீண்டும் இறக்கத் தொடங்கினார்.

போருக்கு வருவீரா என்றேன். ஆணையென்றால் வருவதாகவும், அவர்களும் உடன் வருவார்கள் என்றும், எழுநூறு பேர் நிற்க அரண்மனை முற்றம் போதுமா என்று மன்னரைக் கேட்கும்படியும் சொன்னார்.

என் கண் பிழைத்திருக்கலாம். ஆற்றில் நீர் ஏறியிருக்கலாம் என்று கரையில் ஈர்க்கு நட்டு மூன்று முறை பார்த்தேன், ஏறவில்லை. அவரை அழைத்து வராததற்கு என் தலை போகலாம். அதை மன்னருக்கு நானே தனியே எழுதியிருக்கிறேன், பொறுப்பு தங்களுடையதன்று.

ஆகவே ஆணை இது. இன்றிலிருந்து மூன்றாம் விடியல் முதல் அப்பாட்டு முற்றத்திலும், பயிற்சிக் கூடத்திலும், தனிமையில் முணுமுணுப்பாகவும் பாடப்படலாகாது. இனி என்றும் பாடப்படலாகாது. கற்றவர்கள் மறக்க முயல்க.

ஏழு பகல் அவருக்குப் போதும். அதுவரை நான் இத்துறையை விட்டு அகலேன்; ஓடத்தின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பேன். ஒன்பதாம் நாள் மாலை அவர் கரையில் கைநீட்டி, பற்றுவோர் எவருமின்றி, நான்கு பலகையும் தெரிய நின்றால் தங்களுக்கு நன்றி எழுதுவேன். பலகை தாழ்ந்திருந்தால், யாரோ பாடினார்கள் என்று அறிந்துகொள்வேன்.

மன்னர் முத்திரை இட்டது. ஓலை எழுதியவன் சேந்தன். வாய் திறவாது படித்து, வாய் திறவாது நிறைவேற்றுக.